கையில் ஓடும் லோரி

என் அப்பாவின் இடது கையில் ஒரு லோரி ஓடுகிறது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வது. முப்பது ஆண்டுகள் போர்ட் கிள்ளானுக்கும் ஈப்போவுக்கும் இடையே லோரி ஓட்டியவர். முழங்கைக்கு மேலே கயிறு போல் புடைத்து நிற்கும் ரத்தக் குழாயை என் காதருகே கொண்டு வந்து, "கேளும்மா, நாலாவது கியர்ல போகுது" என்பார்.

முதல் தடவை கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். கையில் காதை வைத்தால் இடைவிடாத ஓர் இரைச்சல். விரலை வைத்தால் பூனையின் கழுத்தைத் தொட்டது போல ஒரு நடுக்கம். வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் தாத்தாவின் கையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள்.

அந்த இரைச்சல்தான் அப்பாவை உயிரோடு வைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். நான் வானொலி அறிவிப்பாளர். சத்தத்தை வைத்துப் பிழைப்பவள். அதனால்தான் இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

அப்பாவுக்கு இருபது வருடமாக இனிப்பு நீர். லோரிக்காரர் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு தாப்பாவில் ஒரு தே தாரிக், விடியற்காலையில் இன்னொன்று. மாத்திரை சில நாள் உண்டு, சில நாள் இல்லை. ஒரு நாள் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: சிறுநீரகம் இரண்டும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன, டயாலிசிஸ் தொடங்க வேண்டும்.

அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நான் காலை 6 மணிக்கு மைக்கைத் திறந்து "வணக்கம் நேயர்களே" என்று சொல்லும்போது, அவர் மையத்தின் நாற்காலியில் சாய்ந்து, காதில் ஒற்றை இயர்போனோடு என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து நாற்காலி மாக்சிக்கிடம், "என் மகள்" என்று பெருமையாகச் சொல்வாராம். தமிழ் புரியாவிட்டாலும் அந்த மாக்சிக் தலையாட்டிக் கேட்பாராம்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு ஓரளவு தெரியும். ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவது. ஆனால் எந்த வழியாக எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இயந்திரம் ஒரு நிமிடத்தில் சுமார் 300 மில்லிலிட்டர் ரத்தத்தை இழுக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற சாதாரணச் சிரையால் அவ்வளவு கொடுக்க முடியாது. தமனியில் அவ்வளவு வேகம் இருக்கிறது, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரம் மூன்று முறை அதில் தடித்த ஊசியைக் குத்துவது நடக்காத காரியம்.

1960-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய், இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்து வைத்தார். அதனால்தான் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வது முடியும் என்றாயிற்று. ஆனால் வெளியே தொங்கும் குழாயில் கிருமித் தொற்றும் ரத்தக் கட்டும் ஓயாத தொல்லை. 1966-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையைச் சேர்ந்த பிரெஸ்சியா, சிமினோ, அப்பெல், ஹர்விச் ஆகிய நால்வர் வேறொரு வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தோலுக்கு உள்ளேயே தைத்து இணைத்துவிடுவது. தமனியின் வேகம் சிரைக்குள் பாயும். சில வாரங்களில் சிரை பெருத்து, சுவர் தடித்து, ஊசிக்குத் தயாராகிவிடும். அதற்குப் பெயர் ஃபிஸ்துலா. அறுபது ஆண்டுகள் ஆகியும் இதைவிடச் சிறந்த வழி அநேகருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அப்பாவின் முதல் ஃபிஸ்துலாவும் மணிக்கட்டில்தான் இருந்தது. மூன்று வருடம் நன்றாக ஓடியது.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார்: "என்னமோ தெரியலம்மா, கையில எஞ்ஜின் சத்தம் மாறிப் போச்சு." நான் கைப்பேசியில் பத்துமலை நேரலைக்கான பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸிகிட்ட சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன். "அவங்க பிஸியா இருக்காங்க" என்றார். "சரிப்பா, தைப்பூசம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அதற்குப் பிறகும் அடையாளங்கள் வந்துகொண்டிருந்தன. ஊசி குத்த இரண்டு, மூன்று முறை முயல வேண்டியிருந்தது. இயந்திரம் அடிக்கடி அலாரம் அடித்தது. இதையெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று விடியற்காலை, பத்துமலையில் காவடிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறேன். அப்பாவின் அழைப்பு. "கையில சத்தமே இல்லம்மா." எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "வந்து பாக்குறேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று வீடு திரும்ப இரவு பதினொன்று. அப்பா தூங்கிவிட்டார். மறுநாளும் எனக்கு நிகழ்ச்சி. "டயாலிசிஸ் நாள்ல மிஸ்ஸி பாத்துப்பாங்க" என்று அவரும் இருந்துவிட்டார்.

ஃபிஸ்துலாவில் சத்தம் நின்றால் ரத்தம் கட்டிவிட்டது என்று அர்த்தம். உடனே ஓடினால் கட்டை எடுத்துச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பு குறைகிறது. நாங்கள் போனது இரண்டு நாள் கழித்து. முயன்று பார்த்தார்கள், முடியவில்லை.

அன்றே கழுத்தோரம் ஒரு குழாய் வைத்தார்கள். ஐந்து மாதம் அதோடுதான் டயாலிசிஸ். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாது. ஒரு முறை குளிர் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் கிருமி என்று ஒரு வாரம் வார்டில் இருந்தார். அந்த வாரம் நான் ஒலிபரப்பில் சிரித்த சிரிப்பை இன்றும் எனக்குக் கேட்கப் பிடிக்காது.

இரண்டாவது ஃபிஸ்துலாவுக்கு முன்பு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அதுவரை அல்ட்ராசவுண்ட் என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது கையின் வரைபடம் போடுவது. அறை குளிராக இருக்கக்கூடாது, குளிர்ந்தால் சிரை சுருங்கிவிடும். மேல் கையில் ஒரு பட்டையைக் கட்டி, சிரையை நிரம்பவிட்டு, மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒவ்வோர் இடத்திலும் விட்டம் அளந்தார்கள். கருவியின் முனையால் மெதுவாக அழுத்தும்போது சிரை தட்டையாகிவிட்டால் உள்ளே பழைய ரத்தக் கட்டு இல்லை. அழுத்தியும் மடங்காவிட்டால் சந்தேகம். பொதுவாகத் தமனி 2 மில்லிமீட்டராவது, சிரை 2 அல்லது 2.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று பார்ப்பார்களாம். அப்பாவின் மேல் கைச் சிரை 4 மில்லிமீட்டர். பழைய ஃபிஸ்துலா மூன்று வருடம் ரத்தம் அனுப்பியதில் அதுவும் கொஞ்சம் பெருத்திருந்தது. "போகும்போது ஒரு நல்ல காரியம் செஞ்சிட்டுப் போயிருக்கு" என்றார் அப்பா. முழங்கை மடிப்பில் புதிய இணைப்பு போட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன். ஃபிஸ்துலா முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க, நினைவில் வைக்கச் சுலபமான ஒரு கணக்கு இருக்கிறது. 6 வாரத்தில் சிரையின் விட்டம் 6 மில்லிமீட்டர், தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்குள், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ரத்த ஓட்டம். எல்லோருக்கும் இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாது. அப்பாவுக்குப் பொருந்தியது. கழுத்துக் குழாயை எடுத்த அன்று இரவு அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தார். அரை மணி நேரம் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. அம்மா கதவைத் தட்டவும் இல்லை.

அன்று நான் ஒரு முடிவெடுத்தேன். இனி தினமும் அந்தக் கையைக் கேட்பது. வேலைக்குக் கிளம்பும் முன், காலை 4.45-க்கு. எங்கள் தொழிலில் மைக்கைத் திறக்கும் முன் ஒலிச்சோதனை செய்வோம் அல்லவா, அது போல. மாதம் ஒரு முறை சிறிய ஒலிப்பதிவுக் கருவியை அவர் கையில் வைத்துப் பத்து விநாடி பதிவும் செய்துகொண்டேன். அப்பா சிரித்தார். "எனக்கும் ரேடியோவில வேலை குடுத்துட்டியா?"

இரண்டு வருடம் ஒரே சத்தம். தாழ்ந்த சுருதியில், மூச்சு விடாமல் ஓடும் சத்தம். இதயத் துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும், ஆனால் நிற்காது.

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அது மாறியது. அன்று காலை காதை வைத்தபோது சுருதி ஏறியிருந்தது. தோள்பட்டைப் பக்கம் விசில் போல ஒரு கீச்சு. அதைவிட முக்கியமாக, இடையில் இடைவெளி. "ஊஊஊஊ" என்று ஓடியது "ஊப்… ஊப்…" என்று விட்டுவிட்டு அடித்தது. விரலை வைத்தால் பழைய நடுக்கம் இல்லை, துள்ளல்தான் இருந்தது. நிலையத்துக்குப் போய் பழைய பதிவையும் புதிய பதிவையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் அலை அறுந்து போகாமல் இருந்தது. புதியதில் முள் முள்ளாகக் குத்தி நின்றது, நடுவே தட்டையான கோடு. இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரைக் கூப்பிட இது போதும்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் அலட்சியம் செய்யவில்லை. "அங்கிள், கையைத் தலைக்கு மேலே தூக்குங்க" என்றார். நல்ல ஃபிஸ்துலாவாக இருந்தால் கையை இதயத்துக்கு மேலே தூக்கும்போது ரத்தம் வடிந்து புடைப்பு அமுங்கும். அப்பாவின் புடைப்பு அமுங்கவில்லை, இறுகியே நின்றது. ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க இருபது நிமிடம் ஆகிறது என்பதும் அவருடைய குறிப்பில் இருந்தது. ரத்தம் திரும்பிப் போகும் வழியில் எங்கோ அடைப்பு என்று டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அன்று அறையில் இருந்தது ஓர் இளைஞர், நம்மவர்தான். நாலு நாளாகத் தூங்காத என் முகத்தைப் பார்த்து, "உக்காருங்க அக்கா, நீங்களும் பாருங்க" என்று திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

கையில் ஜெல்லைத் தாராளமாக ஊற்றினார். கருவியை வைத்தாரா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மென்மையாக வைத்தார். "அழுத்தினா சிரை நசுங்கிடும் அக்கா. இல்லாத அடைப்பு இருக்கிற மாதிரி காட்டிடும்" என்றார். முதலில் கறுப்பு வெள்ளைப் படம். பிறகு ஒரு பொத்தானைத் தட்டியதும் நிறம் வந்தது. சிவப்பு தமனி, நீலம் சிரை என்றுதான் நான் நினைத்தேன். அவர் திருத்தினார். பொதுவாகக் கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம் என்று வைத்திருப்பார்களாம். கருவியின் சாய்வை மாற்றினால் அதே குழாயின் நிறமும் மாறிவிடும். பல நிறம் கலந்து பூப்பூவாகத் தெரிந்தால் அங்கே ரத்தம் சுழித்து ஓடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பிறகு அவர் ஒலிபெருக்கியைத் திறந்தார். அறை முழுக்க அப்பாவின் கை.

இந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1842-இல் பிராக் நகரில் டாப்ளர் என்ற அறிவியலாளர், நம்மை நோக்கி வரும் அலையும் விலகிப் போகும் அலையும் நமக்கு வேறு வேறாகத் தெரியும் என்று எழுதினார். அவர் எழுதியது நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. 1845-இல் நெதர்லாந்தின் பைஸ் பாலட் அதைச் சத்தத்தில் சோதித்தார். ஊதுகுழல் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில் இசை தெரிந்தவர்களை நிற்க வைத்துக் கேட்கச் சொன்னார். ரயில் நெருங்கும்போது சுரம் ஏறியது, தாண்டிப் போனதும் இறங்கியது. ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது நாம் கேட்பதும் அதுதான். ஸ்கேன் கருவி ரத்த அணுக்களின் மேல் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் சுருதி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ரயிலுக்குப் பதில் ரத்தம், அவ்வளவுதான்.

அவர் முதலில் அளந்தது மேல் கைத் தமனியை. ஃபிஸ்துலாவை ஏன் நேராக அளக்கவில்லை என்று கேட்டேன். ஃபிஸ்துலாவில் விட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஓட்டமும் கலங்கலாக இருக்கும், கணக்குத் தப்பும். தமனி நேராக, உருண்டையாக இருக்கும். அதில் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி ஃபிஸ்துலாவுக்குத்தான் போகிறது. குழாயின் பரப்பைச் சராசரி வேகத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று வரும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார். 460. முன்பு அப்பாவுக்கு 950 இருந்தது. ஃபிஸ்துலாவில் இது 400, 500 என்று இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

"தமனி எப்பவும் 'டப், டப்'னுதானே அடிக்கணும்?" என்று கேட்டேன். சாதாரணக் கையில் அப்படித்தான், என்றார். விரல் நுனி வரை நுண்ணிய குழாய்கள் தடுப்பதால், இரண்டு துடிப்புக்கு இடையே ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். ஃபிஸ்துலா போட்ட கையில் தடுப்பு இல்லை, நேராகச் சிரைக்குள் திறந்து விடுகிறோம். அதனால் துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எங்காவது வழி குறுகினால் தடுப்பு திரும்ப வந்துவிடும். நடுவில் ஓடும் ஓட்டம் முதலில் குறையும்.

காலை 4.45-க்கு நான் கேட்ட அந்த இடைவெளி அதுதான்.

இணைப்பைப் பார்த்தார், சரியாக இருந்தது. சிரையோடு மேலே மேலே போனார். தோள்பட்டைக்குக் கீழே சிரை வளைந்து உள்ளே இறங்கும் இடத்தில் நிறம் பூவாகச் சிதறியது, ஒலிபெருக்கி கீச்சிட்டது. அந்தக் கீச்சு எனக்குத் தெரியும். வளைவுக்கு முன்னால் வேகம் விநாடிக்கு 140 சென்டிமீட்டர். வளைவில் 480. முந்தைய இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனாலே குறுகல் பாதியைத் தாண்டியிருக்கலாம் என்று கொள்வார்கள். இங்கே மூன்று மடங்குக்கும் மேல். திறந்திருந்த வழி 1.9 மில்லிமீட்டர்.

"வழி சின்னதானா வேகம் குறையணுமே தம்பி, ஏன் கூடுது?" என்று கட்டிலில் படுத்தபடியே அப்பா கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் அப்பாவே சொல்லிக்கொண்டார்: "ஓ, தண்ணி பைப்பு வாயை விரலால மூடுற மாதிரி."

"அதேதான் அங்கிள்."

முழங்கையில் இணைத்த ஃபிஸ்துலாவில் இந்த வளைவு அடைப்பு அடிக்கடி வரக்கூடியது. மணிக்கட்டில் இணைத்தால் பெரும்பாலும் இணைப்பை ஒட்டிய இடத்தில் குறுகும். பக்கத்து நாற்காலி மாக்சிக்கின் சிரைகள் மெலிந்தவை என்பதால், தமனிக்கும் சிரைக்கும் நடுவே செயற்கைக் குழாய் வைத்திருக்கிறார்கள். அது ஸ்கேனில் இரண்டு பளிச்சென்ற இணைகோடாகத் தெரியுமாம். பெரும்பாலும் சில வாரங்களிலேயே ஊசி குத்தலாம் என்பது அதன் நன்மை. சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், தொற்றும் எளிது என்பது குறை. அதில் குழாய் சிரையோடு சேரும் இடத்தைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். ஓட்டம் 600-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. கழுத்து எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரையை அது சரியாகக் காட்டாது. எலும்பு ஒலியை விடாது. அப்பாவுக்கு முன்பு கழுத்துக் குழாய் இருந்ததால் அங்கேயும் அடைப்பு இருக்கலாம் என்று, மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. வளைவில் பலூன் வைத்து விரித்தார்கள். மயக்க மருந்து இல்லை, ஊசி போட்ட இடத்தில் மட்டும் மரத்துப்போகும். பலூன் விரியும்போது நல்ல வலி என்றார்.

வெளியே வந்ததும் அப்பா கையை நீட்டினார். மருத்துவமனை நடைபாதையில், தள்ளுவண்டிகளுக்கு நடுவே, குனிந்து காதை வைத்தேன். கீச்சு இல்லை, இடைவெளி இல்லை.

"என்னா கியர்?" என்றார்.

"நாலாவதுப்பா" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. பலூன் விரித்த இடம் திரும்பச் சுருங்கும் பழக்கம் உள்ளது. ஏழு மாதத்தில் மறுபடியும் கீச்சு கேட்டது, மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் பலூன். இனியும் வரும். ஒரு கையில் ஃபிஸ்துலா போட எத்தனையோ இடம் இல்லை. ஒவ்வோர் இடம் போகும்போதும் ஆயுளில் ஒரு துண்டு போவது போல. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கும் மாதாமாதம் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2019-இல் புதுப்பித்த வழிகாட்டி, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. கையைப் பார்ப்பது, தொடுவது, கேட்பது ஆகியவைதான் அடிப்படை, அதில் சந்தேகம் வந்தால் ஸ்கேன். எனக்கு இது ஒரு வகையில் ஆறுதல், ஒரு வகையில் குத்தல். அத்தனை விலை உயர்ந்த கருவியும் யாராவது ஒருவர் கையைக் கேட்டு "என்னமோ மாறியிருக்கு" என்று சொல்வதற்காகத்தான் காத்திருக்கிறது. முதல் தடவை அப்பா சொன்னார். கேட்க வேண்டியவள் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் இன்று இரவே ஒரு முறை அவர் கையைத் தொட்டுப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாறும்போது தெரியும். சுருதி ஏறினாலோ, விட்டுவிட்டு அடித்தாலோ, கை வீங்கினாலோ, ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனாலோ, விரல்கள் சில்லிட்டு வலித்தாலோ மையத்தில் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் திருவிழாவோ விடுமுறையோ பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். இறுக்கமான கடிகாரம், கனமான பை, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது, எதுவும் வேண்டாம். சொல்ல வந்தவரை, "பிஸியா இருக்கேன்ப்பா" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இன்று சனிக்கிழமை. காலை 4.45-க்கு அப்பா தூக்கத்திலேயே கையை நீட்டினார். பத்து விநாடி கேட்டேன். போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, வேலைக்குக் கிளம்பினேன்.